முதலில் மறுகால், பிறகு குளம்: உயர் அழுத்தக் கண்டென்சர் அடுக்கு கட்டப் புகுகிறவர்களுக்கு

எங்கள் பக்கத்துக் குளக்கரை எதில் நின்று பார்த்தாலும் மூன்று வேலைப்பாடுகள் கண்ணில் படும். தண்ணீர் வந்து விழும் கால், வயலுக்குத் திறந்துவிடும் மடை, நிறைந்தது போக மிச்சம் வழிந்தோடும் மறுகால். இந்த மூன்றாவது இல்லாத குளம் ஒரு பெரிய மழைக்குக்கூடத் தாங்காது. கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்துவிடும். நாங்குநேரிப் பக்கம் மறுகால்குறிச்சி என்று ஊருக்கே பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால், அந்த வழிக்கு எவ்வளவு மதிப்பு கொடுத்திருப்பார்கள் என்று பாருங்கள்.

மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் கண்டென்சர்களைச் சேர்த்து இணைத்த அடுக்கும் ஒரு குளம்தான். சார்ஜர் அதன் கால். சிறு தூண்டலில் திறந்துகொள்ளும் மின்னணுச் சுவிட்சான தைரிஸ்டர் அதன் மடை. தேங்கிய மின்னூட்டத்தை ஆபத்தில்லாமல் வடித்துவிடும் மின்தடைகள் அதன் மறுகால். என்னிடம் கேட்டு வருகிற கல்லூரிப் பையன்கள் எல்லோரும் காலையும் மடையையும் வரைந்து எடுத்து வருகிறார்கள். "மறுகால் எங்கே, தம்பி?" என்று கேட்டால், "அதைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம், அண்ணாச்சி" என்கிறார்கள். கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன். அதனால் இந்தக் கட்டுரையில் வேலை தலைகீழாக நடக்கும்: இறக்கும் வழியை முதலில் கட்டுவோம், ஏற்றும் வழியைப் பிறகு.

எல்லையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இங்கே கட்டப்போவது 260 வோல்ட், 60 ஜூலுக்குச் சற்று மேல். உயிரை எடுக்க இதுவே போதும். 10 ஜூலைத் தாண்டிய எதையும் ஆளைக் கொல்லக்கூடியது என்றே வைத்துக்கொண்டு நடமாட வேண்டும். ஆயிரக்கணக்கான வோல்ட் கனவுகளை இப்போதைக்குப் பரணில் போடுங்கள். பழைய மைக்ரோவேவ் அடுப்பைப் பிரித்து அதன் டிரான்ஸ்பார்மரை எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒரே சொல்: கூடாது.

கணக்கு

பாடப்புத்தகம் மின்தேக்கி என்று சொல்லும். திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலோ ஜங்ஷனிலோ கடையில் போய்க் கண்டென்சர் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். அதன் மேல் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். மைக்ரோஃபாரட் என்பது குளத்தின் பரப்பு. வோல்ட் என்பது நீர்மட்டம். தேங்கிய ஆற்றலுக்குச் சூத்திரம்: பாதி, பெருக்கல் கொள்ளளவு, பெருக்கல் வோல்ட்டின் வர்க்கம்.

ஏன் வர்க்கம்? நேர்ச்சுவர் வைத்த தெப்பக்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் இரட்டிப்பானால் தண்ணீரும் இரட்டிப்பாகும். ஆனால் சேர்ந்த தண்ணீர் முன்னைவிட உயரத்தில் நிற்கிறது. அளவும் இரண்டு மடங்கு, சராசரி உயரமும் இரண்டு மடங்கு. ஆக ஆற்றல் நான்கு மடங்கு. வோல்ட்டைக் கொஞ்சம்தானே கூட்டுகிறோம் என்று நினைக்கும்போது இந்தக் குளம் நினைவுக்கு வரட்டும்.

மோட்டார் மெக்கானிக்குகள் சீலிங் ஃபேன் கண்டென்சரைக் கழற்றியதும் அதன் இரண்டு ஒயரையும் ஸ்குரூடிரைவரால் தொட்டு "டப்" என்று ஒரு பொறி வரவழைப்பார்கள். வீரவநல்லூரில் பம்ப்செட் பழுது பார்த்துவந்த என் மாமா அதைத் தினமும் செய்வார். அந்த ஃபேன் கண்டென்சர் 2.5 மைக்ரோஃபாரட். வீட்டு மின்சாரத்தின் உச்ச அழுத்தமான 325 வோல்ட்டில் அதில் நிற்பது 0.13 ஜூல், பொறி வந்து போய்விடும். நாம் கட்டப்போகும் அடுக்கில் அதைப்போல ஏறக்குறைய 480 மடங்கு நிற்கும். மாமாவின் பழக்கத்தை ஒருமுறை இதே போன்ற அடுக்கின் மேல் அப்படியே காட்டினேன். ஸ்குரூடிரைவரின் நுனி உருகிப் போயிற்று. அதன் துணுக்கு ஒன்று என் மூக்குக்கண்ணாடியில் பதிந்து இன்னும் இருக்கிறது. கண்ணாடி போடும் கண்ணாக இருந்தது என் அதிர்ஷ்டம்.

பொருள்

தேவை: 450 வோல்ட், 470 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர் நான்கு, நான்கும் ஒரே தயாரிப்பாக. புதிதாக வாங்கலாம். பழுதான இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின்களுக்குள்ளும் இதே அளவில் வரிசையாக நிற்கும். பழைய சாமான் கடைக்காரர் கிலோக் கணக்கில் போட்டுத் தருவார். 400 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் நமக்குப் போதும். பம்ப்செட் ஸ்டார்ட்டிங் கண்டென்சரைக் கொண்டு சமாளிக்கலாமே என்று தோன்றும். அது சில வினாடி வேலைக்காகச் செய்யப்பட்டது, இதற்கு ஒத்துவராது. ரன்னிங் கண்டென்சர் வேறு சாதி. பிளாஸ்டிக் படலத்தால் ஆனது, உறுதியானது, பிளஸ் மைனஸ் பேதமும் இல்லை. ஆனால் இந்த ஆற்றலை அதில் சேர்க்க ஒரு கூடை நிறைய வேண்டும்.

எலக்ட்ரோலைட்டிக்கில் பேதம் உண்டு. உறையில் பட்டை போட்ட பக்கம் மைனஸ். மாற்றிக் கொடுத்தால் உள்ளே வாயு உண்டாகி, தலையில் கீறிவிட்டிருக்கும் கோடு வழியே பிளந்துகொண்டு வரும். அந்தக் கோடு இருப்பதே அதற்குத்தான். ஆகவே அடுக்குக்கு நேர்மேலே முகத்தைக் கொண்டுபோக வேண்டாம்.

பல ஆண்டு சும்மா கிடந்த கண்டென்சரை நேரே முழு அழுத்தத்தில் மாட்டக் கூடாது. உள்ளே அலுமினியத்தின் மேல் இருக்கும் ஆக்சைடுப் படலம் காலப்போக்கில் மெலிந்திருக்கும். சார்ஜர் தயாரான பிறகு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக 100 கிலோஓம் மின்தடை வழியே மாட்டி, மீட்டரைக் கிளிப் போட்டு வைத்துவிட்டுத் தள்ளி உட்காருங்கள். சார்ஜர் 280 வோல்ட் கொடுக்கும்போது கண்டென்சர் 250-இல் வந்து நின்றால் கசிவு 0.3 மில்லிஆம்பியர், நல்ல சரக்கு. 150-இலேயே நின்றுவிட்டால் 1.3 மில்லிஆம்பியர். இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே விட்டால் படலம் மறுபடி வளர்ந்து மட்டம் ஏறக்கூடும். ஏறவில்லை என்றால் தூக்கிப் போடுங்கள், இரக்கம் வேண்டாம்.

மறுகால்: மூன்று அடுக்கு

முதலாவது, எப்போதும் வடிந்துகொண்டே இருப்பது. ஒவ்வொரு கண்டென்சரின் இரு முனைக்கும் குறுக்கே 220 கிலோஓம், 2 வாட் மின்தடை ஒன்றை நேரடியாகப் பற்றவைக்க வேண்டும். நான்குக்கும் சேர்த்து ஒன்று போட்டால் போதாதா என்றால், கணக்குப்படி போதும். ஆனால் அந்த ஒன்றின் கால் ஒடிந்தால் மறுகாலே அடைபட்டுவிடும். தனித்தனியாக இருந்தால், ஒரு கண்டென்சர் கம்பியிலிருந்து பிடுங்கிக்கொண்டு தரையில் உருண்டாலும் தானே வடிந்துவிடும். சிறிய கால் வாட் மின்தடைகளை இங்கே போடாதீர்கள். சூடும் தாங்காது, அழுத்தமும் தாங்காது. அவற்றுக்கு வழக்கமான வரம்பு 250 வோல்ட்தான். இந்த ஏற்பாட்டில் 260 வோல்ட் 50-க்கு இறங்க ஏறக்குறைய மூன்று நிமிடம் ஆகும்.

இரண்டாவது, மின்சாரம் போனால் தானாகத் திறப்பது. நம் ஊரில் சாரல் காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது. விளக்கு அணைந்ததும் அடுக்கும் செத்துவிட்டதாகவே மனம் நினைக்கும். அது நிறைந்தபடி இருட்டில் காத்திருக்கும். இதற்கு மோட்டார் பேனலில் வருகிற, மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சான சிறிய கான்டாக்டர் ஒன்று வாங்குங்கள், சாதாரண நிலையில் மூடியிருக்கும் துணை முனை உள்ளதாக. அதன் காயில், அதாவது கம்பிச்சுருள், சார்ஜரோடு ஒரே பிளக்கில் ஓடட்டும். பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை முனை திறந்திருக்கும். போனதும் விழுந்து மூடும். அடுக்கு 1 கிலோஓம், 50 வாட் அலுமினிய உறை மின்தடை வழியே பத்து வினாடிக்குள் வடிந்துவிடும். இங்கே ஒரு நுணுக்கம். இந்த முனைகளுக்கு டிசி மின்சாரத்தை மூடுவது எளிது, திறப்பதுதான் கடினம். பொறி இழுத்துக்கொண்டே நிற்கும். நம் ஏற்பாட்டில் முனை திறக்கும்போது அடுக்கு காலியாக இருக்கும் என்பதால் தப்பித்தோம். கரண்ட் போய் இரண்டாம் வினாடியே திரும்பி வந்தால்? அப்போதும் ஓட்டம் அரை ஆம்பியரைத் தொடாது; தாங்கும்.

மூன்றாவது, கையால் இறக்குவது. ஒரு மீட்டர் பிவிசி குழாய், நுனியில் செம்புக் கொக்கி, கொக்கியிலிருந்து இன்னொரு 1 கிலோஓம் வழியே அடுக்கின் மைனஸுக்கு ஒயர். இதை நான் இறக்குக்கோல் என்கிறேன். இதற்குப் பொதுப்பெயர் ஏதும் கடையில் இல்லை. ஒவ்வொரு முறையும் முதல் இரண்டும் வேலை செய்திருந்தாலும் கோலை மாட்டி இருபது என்று எண்ண வேண்டும்.

சிலர் இரண்டு குண்டு பல்புகளைத் தொடராகக் கோத்து அதன் வழியே இறக்குவார்கள். எரிந்து மங்குவது கண்ணுக்கு அழகு. ஆனால் பல்பு இருண்ட பிறகும் அடுக்கில் பல வோல்ட் நிற்கும். இழை அறுந்த பல்போ முதலிலிருந்தே இருண்டிருக்கும். காலியா என்று சொல்லும் உரிமை மீட்டருக்கு மட்டுமே உண்டு. அந்த மீட்டரும் 600 வோல்ட் வரம்பும் நல்ல தடித்த ஒயரும் உள்ளதாக இருக்கட்டும். அடுக்கை அளப்பதற்கு முன்னும் பின்னும் ஒரு 9 வோல்ட் பாட்டரியில் வைத்துப் பாருங்கள். மீட்டர் செத்திருந்தாலும் பூச்சியம்தான் காட்டும்.

அடுக்கு

தடித்த பிளைவுட் பலகையில் நான்கையும் நெருக்கமாக நிறுத்தி, பிளஸ் எல்லாவற்றையும் ஒரு செம்புப் பட்டையிலும் மைனஸ் எல்லாவற்றையும் இன்னொரு பட்டையிலும் இணையுங்கள். பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக, நடுவில் தடித்த பிளாஸ்டிக் தாள் வைத்து ஓடினால் இன்னும் நல்லது. தனி ஒயர் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு மைக்ரோஹென்றி (ஓட்டம் சட்டென மாறுவதைத் தடுக்கும் தன்மையின் அளவு) என்ற கணக்கில் ஓட்டத்தைத் தடுக்கும்; இரண்டு பட்டையும் ஒட்டி ஓடினால் அந்தத் தடை வெகுவாகக் குறையும். வெளியே செல்லும் பிளஸை ஒரு முனையிலும் மைனஸை எதிர் முனையிலும் எடுங்கள். இரண்டையும் ஒரே முனையில் எடுத்தால் வாய்க்கால் தலைப்பு வயல்காரன் கதைதான்: அருகில் இருக்கும் கண்டென்சர் பெரும்பங்கு சுமையைத் தூக்கும், கடைமடையில் இருப்பது சும்மா நிற்கும்.

மேலே ஒரு பாலிகார்பனேட் மூடி கட்டாயம். நான்கில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் மற்ற மூன்றும் தங்கள் சரக்கை அதன் தலையில் கொட்டும். 60 ஜூலில் மூடி போதும். இதைவிடப் பெரிய அடுக்குகளில் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ் போடுவார்கள்.

அழுத்தத்தைக் கூட்ட இரண்டிரண்டாகத் தொடரில் இணைக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். இணைக்கலாம்; ஆனால் கசிவு ஒன்றுக்கொன்று ஒத்திருக்காது. குறைவாகக் கசிவதன்மேல் அதிக அழுத்தம் ஏறி அது முதலில் போகும். அதைச் சமன்செய்யவும் குறுக்கு மின்தடைகள்தான் வேண்டும். முதல் ஆண்டில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கால்

சுவர் பிளக்கிலிருந்து நேரே, ஓட்டத்தை ஒரே பக்கம் விடும் டையோடு போட்டு ஏற்றும் படங்கள் நிறையச் சுற்றுகின்றன. அப்படி ஏற்றினால் அடுக்கின் இரண்டு பக்கமுமே தரையைப் பொறுத்து உயிரோடு இருக்கும். ஒரே ஒரு முனையைத் தொட்டாலும் வீட்டு மின்சாரம் உங்கள் வழியே தரைக்கு இறங்கும்.

எளிய வழி: 230-க்கு 12 வோல்ட், 1 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் இரண்டு. முதலாவது 12 வோல்ட்டுக்கு இறக்கும்; இரண்டாவதைத் திருப்பி மாட்டினால் அது மறுபடி ஏற்றும். இழப்பு போக 200 வோல்ட் ஏசி வாக்கில் வரும். இதைப் பிரிட்ஜ் ரெக்டிஃபையரில் கொடுத்தால் 280 வோல்ட் டிசிக்குப் பக்கம் வரும். சுவரோடு நேர்த்தொடர்பு அறுந்துவிட்டது. டிரான்ஸ்பார்மர்கள் சிறியவை என்பதால் ஓட்டமும் தானாகக் கட்டுப்படும். முதல் டிரான்ஸ்பார்மருக்கு முன் அரை ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று.

ரெக்டிஃபையருக்கும் அடுக்குக்கும் நடுவே 4.7 கிலோஓம், 10 வாட் மின்தடை. நான்கு வடிமின்தடைகளும் இழுப்பதால் மட்டம் 260 வாக்கில் போய் நிற்கும். நிறைய முக்கால் நிமிடம். மின்தடை வழியே ஏற்றும்போது அடுக்கில் சேரும் அளவு ஆற்றல் மின்தடையிலும் சூடாகச் செலவாகும். சிறிய மின்தடை போட்டாலும் பெரியது போட்டாலும் இந்தப் பாதிக்குப் பாதிக் கணக்கு மாறாது. முதலில் படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை; தொட்டுப் பார்த்தபோது வந்தது. மின்சாரத்தை அணைத்து இறக்கிய பிறகுதான் தொட்டேன்.

முதல் நாள் ஒரே ஒரு கண்டென்சரை மட்டும் மாட்டி ஏற்றுங்கள், 16 ஜூல்தான். ஏற்றுவது, பிளக்கைப் பிடுங்குவது, கான்டாக்டர் விழும் சத்தம் கேட்பது, மீட்டர் இறங்குவதைப் பார்ப்பது, கோலை மாட்டுவது. இதை இருபது தடவை செய்யுங்கள். இடையில் கான்டாக்டர் ஒயரை வேண்டுமென்றே கழற்றிவிட்டு, வடிமின்தடைகள் மட்டும் எவ்வளவு நேரத்தில் இறக்குகின்றன என்று கடிகாரம் பார்த்து எழுதிவையுங்கள். சலிப்பூட்டும் நாள்தான். அந்தச் சலிப்பு வந்த பிறகு மற்ற மூன்றையும் சேருங்கள்.

மடை

முதல் சோதனைக்கு அலுமினிய வளையம் குதிக்கும் விளையாட்டைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. காயில் கட்டும் கடையில் 16-ஆம் கேஜ் எனாமல் கம்பி நான்கு மீட்டர் வாங்கி, முறுக்கு பிழிவது போலத் தட்டையாக 25 சுற்றுச் சுற்றுங்கள். கடைக்காரரிடமே கொடுத்து வார்னிஷில் முக்கி எடுத்துப் பலகையில் ஒட்டிவிடுங்கள். ஒட்டாவிட்டால் சுற்றுகள் ஒன்றையொன்று உதைத்துக்கொண்டு அவிழும். மேலே ஓர் அலுமினிய வளையம். ஓட்டம் பாய்ந்த கணத்தில் வளையத்தில் எதிர்த்திசை ஓட்டம் தூண்டப்பட்டு அது மேலே எகிறும்.

சாதாரண சுவிட்சால் இதைத் திறக்க முடியாது. முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். தைரிஸ்டர் வேண்டும். இந்தக் காயில் சுமார் 22 மைக்ரோஹென்றி. 1,880 மைக்ரோஃபாரட்டோடு சேர்த்துக் கணக்குப் போட்டால், எந்தத் தடையும் இல்லாதபோது உச்ச ஓட்டம் 2,400 ஆம்பியர். கம்பியின் தடையும் கண்டென்சர்களின் உள்தடையும் சேர்ந்து அதைப் பாதி அளவுக்குக் கொண்டுவரும். ஆனாலும் தைரிஸ்டரை 2,400-க்குத் தாங்குவதாகவே வாங்குங்கள். பார்க்க வேண்டியது தொடர் ஓட்டத்தின் எண்ணை விடுத்து ஒருமுறைப் பாய்ச்சலின் எண். அழுத்தம் 600 வோல்ட் போதும். தைரிஸ்டரின் கேத்தோடு (மைனஸ் முனை) அடுக்கின் மைனஸில் இருக்கட்டும். அதைத் தூண்டும் முனையான கேட்டுக்கு (gate) 9 வோல்ட் பாட்டரி, 47 ஓம், மூன்று மீட்டர் ஒயர் தள்ளி ஒரு புஷ் பட்டன்.

கூடவே அடுக்குக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு பெரிய டையோடு. ஓட்டம் நின்றதும் காயில் அதை இழுத்துக்கொண்டே போகப் பார்க்கும். அடுக்கு எதிர்ப்பக்கமாக ஏறும். எலக்ட்ரோலைட்டிக் அதைப் பொறுக்காது என்று முன்பே பார்த்தோம். டையோடு அந்த மிச்ச ஓட்டத்துக்கு வேறு வழி காட்டிவிடும்.

சுடும்போது தரை காய்ந்திருக்க வேண்டும், காலில் ரப்பர் செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, முகம் வளையத்துக்கு நேர்மேலே இல்லாமல். கைக்காப்பு, மோதிரம், வெள்ளி அரைஞாண், செம்புத் தாயத்து எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது. ஏற்றிய அடுக்கின் அருகே போக வேண்டி வந்தால் இடக்கை பின்பக்கப் பையில். வீட்டில் இன்னோர் ஆள், மெயின் சுவிட்ச் எங்கே என்று தெரிந்தவர், கண்ணெதிரே இருக்க வேண்டும். என் வீட்டில் அந்த வேலை என் மனைவியுடையது, "ஆயிற்றா?" என்று அவள் கேட்டு, நான் மீட்டர் எண்ணை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் மூடியைத் திறப்பேன்.

எடுத்து வைத்தல்

மறுகால்களைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று நான் நினைத்திருந்த காலத்தில், ஓர் அடுக்கை முழுதாக இறக்கி, மீட்டரில் பூச்சியம் பார்த்து, பரணில் ஏற்றி வைத்தேன். மறுநாள் காலையில் எடுத்தபோது விரலில் சுருக்கென்றது. மீட்டரை வைத்தால் 30 வோல்ட். யாரும் ஏற்றவில்லை. கண்டென்சரின் உள்ளே இருக்கும் காப்புப் பொருள் கொஞ்சம் மின்னூட்டத்தை ஊறவைத்துக்கொள்ளும். முனைகளை விட்ட பிறகு மெல்ல மெல்ல வெளியே விடும். வற்றிய குளத்தில் மறுநாள் ஊற்றுத் தண்ணீர் கசிந்து நிற்பது போல. 30 வோல்ட் பெரிதாக ஒன்றும் செய்யாது, ஆனால் கை உதறியதில் நான் ஏணியிலிருந்து விழுந்தேன். கணுக்கால் மூன்று வாரம் வீங்கிக் கிடந்தது.

ஆகவே வேலை முடிந்ததும், கோலால் இறக்கி, மீட்டரில் பார்த்து, பிளஸ் பட்டைக்கும் மைனஸ் பட்டைக்கும் நடுவே ஒரு தடித்த செம்புக் கம்பியைத் திருகாணி போட்டு முடுக்கிவிடுங்கள். அடுத்த முறை ஏற்றும்போது கழற்ற மறந்தாலும் நட்டமில்லை: 4.7 கிலோஓம் சூடாகும், மீட்டர் பூச்சியத்திலேயே நிற்கும், உங்களுக்கே புரிந்துவிடும். கம்பியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறேன், பரணில் தொங்கும்போது கீழிருந்தே தெரியும்படி.